தேதி கோணலாக இருந்தால் ஃபோன் காலையே வெட்டுவீர்களா?

கஸ்டமரின் இன்டர்நெட் ஃபோன் காலை வெளியே எடுத்துப்போக வேண்டிய டிரங்க் கம்பெனி திருப்பி அனுப்புகிறது. மறுபடியும் 400 பேட் ரெக்வஸ்ட், அதாவது "நீ அனுப்பிய செய்தி தப்பு". அவ்வளவுதான். எந்த ஹெடர் (செய்தியின் தலைப்பில் வரும் விவரம்), எந்த வரி, என்ன குற்றம், ஒரு வார்த்தை கிடையாது. "மிஸ்ஸிங் கால்-ஐடி ஹெடர் ஃபீல்ட்" என்று உதாரணமே கொடுத்து, காரணத்தை விவரமாகச் சொல்லச் சொல்கிறது ஆர்எஃப்சி 3261, இந்தக் கால்களை இணைக்கும் எஸ்ஐபி முறையின் விதிப்புத்தகம். 2002-லிருந்து இருக்கிற வரி. டிரங்க் கம்பெனியின் ப்ராக்ஸியை (நடுவில் நின்று காலைக் கைமாற்றிவிடும் சர்வரை) எழுதிய மகானுபாவருக்கு அதைப் படிக்க இன்னும் நேரம் வாய்க்கவில்லை.

சரி, நெட்வொர்க்கில் ஓடுகிற செய்திகளை கேப்சர் எடுத்து, போகிற இன்வைட்டையும் (காலைத் தொடங்கும் செய்தி) போகாத இன்வைட்டையும் அவற்றைப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க்கில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஹெடர் ஹெடராகப் போனேன். வியா சரி. சிசீக் சரி. கான்டாக்டில் ஆங்கிள் பிராக்கெட் விட்டுப்போய், செமிகோலனுக்கு அப்புறம் வருவது முகவரிக்கு (யூஆர்ஐ) சொந்தமா ஹெடருக்குச் சொந்தமா என்ற பஞ்சாயத்தோ? இல்லை, பிராக்கெட் பத்திரமாக இருக்கிறது. கன்டென்ட்-லெங்த்தை பைட் பைட்டாக எண்ணினேன். அதுவும் சரி. கடைசியில் பார்த்தால் டேட் ஹெடர்! ஜிஎம்டி இருக்க வேண்டிய இடத்தில் ஐஎஸ்டி. கஸ்டமர் தன் ஆபீஸில் புதிதாக மாட்டிய பிபிஎக்ஸ் (டெலிஃபோன் எக்ஸ்சேஞ்ச்) தேசபக்தியோடு இந்திய நேரம் போட்டிருக்கிறது.

எஸ்ஐபியில் ஜிஎம்டி மட்டும்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ப்ராக்ஸியே, அந்தத் தேதியை வைத்து நீ என்ன செய்யப்போகிறாய்? காலுக்கு ஜாதகம் கணிக்கப்போகிறாயா? இந்தப் பக்கம் வாங்கி அந்தப் பக்கம் தள்ளுவதுதானே உன் வேலை? தனக்குத் தேவைப்படாத ஹெடர் கோணலாக இருந்தால் ப்ராக்ஸி அதைத் தொடாமல் அப்படியே அனுப்பட்டும் என்று அதே ஆர்எஃப்சி சொல்கிறது. அதற்குக் கொடுத்திருக்கும் உதாரணம் எது தெரியுமா? டேட் ஹெடர். சத்தியமாக! செய்தியைப் படித்துப் பிரிக்கும் பார்ஸர்களை வதைத்துப் பார்ப்பதற்கென்றே 2006-ல் வந்த ஆர்எஃப்சி 4475-லும் ஜிஎம்டிக்குப் பதில் அமெரிக்க நேரமான இஎஸ்டி போட்ட இன்வைட் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. தேதி உன் வேலைக்கு முக்கியமில்லை என்றால் நிராகரிக்காதே என்று பக்கத்திலேயே எழுதியும் இருக்கிறது. இதற்கு மேல் வீட்டுக்கு வந்தா சொல்லித்தருவார்கள்?

டிரங்க் கம்பெனிக்காரர்களைக் கேட்டால் "எங்கள் பக்கம் ஸ்டாண்டர்டுபடி கரெக்ட் சார்." ஆஹா, ஸ்டாண்டர்டு! இதே பெட்டிதான், திறந்த மேற்கோள் குறியை மூடாத பெயரோடு ஃப்ரம் ஹெடர் வந்தால் சிரித்த முகமாக வாங்கிக்கொள்கிறது. அங்கே மட்டும் தாராள மனசு.

கடைசியில் நம் பக்கத்து எஸ்ஐபி சர்வரான கமாலியோவில் ஒரு வரி போட்டு டேட் ஹெடரையே பிடுங்கி எறிந்தேன். கால் போகிறது. புகார் டிக்கெட்டில் "எங்கள் பக்கம் சரிசெய்யப்பட்டது" என்று அவர்கள் எழுதி மூடிவிட்டார்கள். சிரிப்புதான் வருகிறது.