ஜம்ப் ஸ்டார்ட்டில் ஓடினால் பேட்டரி மட்டும்தான் கோளாறா?

ஸ்டார்ட் ஆகாத பழைய காரை இன்னொரு பேட்டரியிலிருந்து கேபிள் போட்டுக் கிளப்பினால் ஓடுகிறது, அப்படியானால் பேட்டரி மட்டும்தான் கோளாறு, தைரியமாக வாங்கலாம் என்று இங்கே சிலர் சொல்லியிருக்கிறீர்கள். அது பாதிதான் சரி. எஞ்சின் ஓடும் என்பது தெரிந்துவிட்டது, ஆனால் பேட்டரி ஏன் இறங்கியது என்பது இன்னும் தெரியவில்லை. பேட்டரிக்கே வயதாகியிருக்கலாம், அல்லது எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தயாரித்து பேட்டரிக்கு அனுப்பும் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றாமல் இருக்கலாம். இரண்டாவதுதான் காரணம் என்றால் புது பேட்டரி போட்டாலும் சீக்கிரமே அதுவும் படுத்துவிடும், செலவுக் கணக்கே மாறிவிடும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். கார் ஓடத் தொடங்கியதும் ஜம்ப் கேபிளைக் கழற்றிவிட்டு, மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து பேட்டரியின் இரண்டு முனைகளிலும் தொட்டுப் பாருங்கள். 13.5 முதல் 14.7 வோல்ட் வரை காட்டினால் பெரும்பாலும் சார்ஜ் ஏறுகிறது என்று பொருள். 12-ஐ ஒட்டியே நின்று, ஹெட்லைட் போட்டதும் இன்னும் இறங்கிக்கொண்டே போனால் ஏறவில்லை, ஆல்டர்னேட்டரையோ அதன் பெல்ட், வயரிங்கையோ பார்க்க வேண்டியிருக்கும்.

அப்புறம், வண்டி ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றிப் பார்க்கும் பழைய வித்தை மட்டும் வேண்டாம், வோல்டேஜ் எகிறி எலக்ட்ரானிக்ஸ் போய்விடலாம். உங்கள் வண்டியாகக்கூட இன்னும் ஆகவில்லை!