டோல்கேட்டில் இறங்கிய ஜாஸ் ரசிகன்

மாற்றலாகி கிருஷ்ணகிரிக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. மயிலாடுதுறைக்காரனான எனக்கு இங்கே முதலில் ஒத்துவராதது வெயிலோ தண்ணீரோ இல்லை, சாயங்காலம். அங்கே இருந்தவரை ஏதாவது ஒரு கோயிலில் யாராவது நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருப்பார்கள், நானும் போய்த் தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவேன், அதை ரசனை என்றெல்லாம் நினைத்ததில்லை, பழக்கம், அவ்வளவுதான். இங்கே ஆபீஸ் முடிந்தால் ஏழு மணியிலிருந்து தூக்கம் வரும்வரை கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

என் புலம்பலைக் கேட்டுச் சலித்துப்போன ஓசூர்க்காரத் தம்பி ஒருவன், கூட வேலை செய்கிறவன், "சார், சனிக்கிழமை பெங்களூர் வாங்க, ஜாஸ் கேக்கலாம்" என்றான். ஜாஸ் என்றால் எனக்குத் தெரிந்தது, பழைய படங்களில் கிளப் சீனில் வில்லன் கிளாஸும் கையுமாக வரும்போது பின்னால் யாரோ ஊதுவார்களே, அது. இதற்காக 90 கிலோமீட்டரா? சரி, சும்மா கிடப்பதற்கு இது மேல் என்று கிளம்பிவிட்டேன்.

இந்திராநகர் பக்கம் ஒரு மாடி. நம் ஊர்க் கல்யாண மண்டபத்தின் பந்திக்கூடத்தில் பாதிகூட இருக்காது. சாக்ஸபோன், பியானோ, ஆள் உயரத்துக்கு டபுள் பேஸ் என்கிற தந்தி வாத்தியம், டிரம்ஸ், மொத்தம் நான்கே பேர். உள்ளே நுழைய 500 ரூபாய். எலுமிச்சை சோடா என்ன விலை என்பதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

முதல் அரை மணி நேரம் ஒன்றும் பிடிபடவில்லை. சாக்ஸபோன் எனக்குப் புதிதில்லை. கத்ரி கோபால்நாத் அதில் கர்நாடக சங்கீதத்தை வாசித்துக் காட்டிய பிறகு நம் கல்யாணங்களிலேயே ஊதுகிறார்கள். ஆனால் நான் பழக்கதோஷத்தில் ராகம் தேடிக்கொண்டிருந்தேன். சாக்ஸபோன்காரர் ஒரு ராகத்துக்குள் உட்காருகிற மாதிரி வருவார், அடுத்த நொடியே அபஸ்வரம் போல எங்கேயோ தாவிவிடுவார். அடியில் பியானோ கார்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டத்தை, மாற்றிக்கொண்டே போகிறது, ஊதுகிறவர் அந்தந்தக் கார்டுக்குத் தகுந்த ஸ்வரத்தைப் பிடிக்கிறார் என்பதைத் தம்பிதான் காதோரம் சொன்னான். நாம் ஒரே வீட்டுக்குள் அறை அறையாகப் போவோம், இவர்கள் நடக்க நடக்க வீடே மாறுகிறது. அதன் பிறகு காது கொஞ்சம் இறங்கி வந்தது.

அப்புறம்தான் அந்த இடம் வந்தது. சாக்ஸபோன்காரர் நான்கு பார், அதாவது நான்கு தாளச் சுற்று, ஊதி நிறுத்தினார், டிரம்மர் நான்கு பார் பதில் சொன்னார், திரும்ப இவர், திரும்ப அவர். டிரம்மர் ஒரு தடவை குறும்பாகக் கணக்கைக் குழப்புகிற மாதிரி அடித்துவிட்டுச் சரியாக முதல் அடியில் வந்து விழுந்தார் பாருங்கள், நான் என்னை அறியாமல் "ஆகா" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். பக்கத்து மேசை திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டுமே. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் குறைப்பில், அதாவது மாறி மாறிச் சுருக்கிக்கொண்டே வாசிக்கிற இடத்தில், மோதிக்கொள்ளும்போது தொடையில் தட்டியவன் வேறு என்ன செய்வான்?

என் கட்சி இதுதான்: ஜாஸை முதல்முறை போனில் கேட்காதீர்கள். அன்று கேட்ட மெட்டையே மறுநாள் யூடியூபில் தேடிப் போட்டேன், செத்த பாம்பு மாதிரி கிடந்தது. பேஸ்காரர் பியானோக்காரரைப் பார்த்து ஒரு புருவம் உயர்த்துவார், அடுத்த சுற்றில் எல்லோரும் சட்டென்று அடங்கிவிடுவார்கள். எழுதி வைத்துக்கொண்டு வாசிக்கவில்லை, அங்கேயே அந்த நிமிடத்தில் முடிவு செய்கிறார்கள் என்பதைக் கண்ணால் பார்த்தால்தான் காதுக்கும் ஏறுகிறது.

"அதெல்லாம் மேல்தட்டு சமாச்சாரம், நமக்கு ஒத்துவராது" என்கிற நண்பர்களோடு எனக்கு இப்போது தினமும் சண்டை. நியூ ஆர்லியன்ஸில் அடிமைகளின் வம்சத்தில் வந்த கறுப்பின மக்கள் தெருவில் வளர்த்த இசை அது. அங்கே சாவு ஊர்வலத்தில் பேண்டு, கல்லறைக்குப் போகும்போது மெதுவாக அழும், திரும்பும்போது துள்ளி ஆடும். பறை அதிரச் சாவு எடுத்த ஊர்க்காரனுக்கு இதைப் போய் விளக்க வேண்டுமா? மேல்தட்டு என்பது அந்தச் சோடா விலைதான், இசை இல்லை.

இன்னொரு கோஷ்டி, "நம்மகிட்ட இல்லாததா?" என்கிறது. இருக்கிறது, யார் இல்லை என்றது? 1958இல் அமெரிக்க ஜாஸ் பியானோக்காரர் டேவ் புருபெக்கின் குழு மதராஸ் வந்தபோது மிருதங்க மேதை பழனி சுப்ரமணிய பிள்ளையோடு உட்கார்ந்து வாசித்தார்கள். அடுத்த வருடம் அதே குழு பதிவு செய்த 'டேக் ஃபைவ்' என்கிற மெட்டு, சுற்றுக்கு ஐந்து எண்ணிக்கை. ஐந்து எண்ணிக்கைத் தாளமான நம் கண்ட சாபுவை 2, 3 என்று பிரிப்போம், அவர்களுடையது 3, 2. எண்ணிப் பாருங்கள், விரல் தானாகத் தடுமாறும், எனக்கு இன்றுவரை தடுமாறுகிறது. யார் பெரியவர் என்று கேட்காமல் எதிரெதிரே உட்கார்ந்த அந்த மனசு நம் சபா மாமாக்களுக்கு வாய்க்கவில்லை, என்ன செய்ய.

குறையும் உண்டு. வாசிக்கிறவர் கண்ணை மூடி உருகும்போது பின்னால் ஸ்பூன் சத்தமும் பிறந்தநாள் கேக்கும் ஆபீஸ் வம்பும். கோயிலிலும் பேசுவார்கள்தான், ஆனால் அங்கே யாரும் 500 ரூபாய் கொடுத்துவிட்டுப் பேசுவதில்லை.

திரும்பும்போது நடுராத்திரி சேலம் பஸ். "ஊருக்குள்ள போகாது, டோல்கேட்ல இறங்கிக்கங்க" என்றார் கண்டக்டர். இறங்கி, ஆட்டோவும் கிடைக்காமல், லாரிகளின் ஓரமாக நடந்தேன். போன மாதத்தோடு இப்படி ஆறு தடவை ஆகிவிட்டது. லாரி டயர் சத்தத்தில்கூட அந்த நீட்டிக் குறுக்கும் சிம்பல் தாளம் கேட்கிறது, டிங்... டிங்-க-டிங்.

இதற்கிடையில் காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு கிராமத்தில் பாரதக் கூத்து. கூத்தாடி ஒரு வரியை இழுத்துப் பாதியில் விட, முகவீணை என்கிற சின்ன ஊதுகுழல் வாசிக்கிறவர் அதை அப்படியே கவ்விக்கொண்டு மேலே போய், போதாதென்று ஒரு சுற்றுச் சுற்றி, அவரிடமே திருப்பிக் கொடுத்தார். டிக்கெட்டும் இல்லை, மேசையும் இல்லை. நேற்றுத் தம்பியிடம் சொன்னேன், அடுத்த கூத்துக்கு நீ வா, இது என் முறை என்று.

"எத்தனை மணிக்கு முடியும் சார்? கடைசி பஸ் பிடிக்கணும்ல?"

"கடைசி பஸ்ஸா? காலையில முதல் பஸ்ஸுல போடா."