முதலில் மானிட்டரின் பின்பக்கத்தைப் பாருங்கள்

நேற்று இரண்டு கணினிகளை ஒரே மானிட்டரில் இணைப்பது பற்றி ஒரு பெரியவர் இங்கே கேட்ட கேள்விக்குக் கீழே நடந்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். படத்தை மானிட்டருக்கு அனுப்பப் பழைய கணினியில் விஜிஏ என்ற பழைய வகை இணைப்பு, புது மடிக்கணினியில் எச்டிஎம்ஐ என்ற புதிய வகை, இருப்பது ஒரே மானிட்டர், என்ன செய்யலாம் என்று அந்தப் பெரியவர் பணிவாகத்தான் கேட்டார். "இன்னொன்று வாங்குங்கள்", "பழையதைத் தூக்கி எறியுங்கள்" என்று ஆளாளுக்குச் சிரித்துவிட்டுப் போனார்கள். மானிட்டரின் பின்பக்கம் என்னென்ன இருக்கிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். பல மானிட்டர்களில் 15 பின் விஜிஏ போர்ட்டுக்குப் பக்கத்திலேயே எச்டிஎம்ஐயோ, டிவிஐ என்ற இன்னொரு வகை இணைப்போ இருக்கும். இரண்டு கேபிள்களையும் செருகியே வைத்துவிடலாம். மானிட்டரில் உள்ள இன்புட் பொத்தானை அழுத்தினால் அடுத்த கணினியின் திரை வந்துவிடும். இவ்வளவுதான் விஷயம்.

"1987இல் வந்த விஜிஏவை இன்னுமா கட்டிக்கொண்டு அழுவது?" என்கிறார்கள். நன்றாக ஓடுகிற கணினியை எதற்காகக் குப்பையில் போட வேண்டும்? பொத்தானை அடிக்கடி அழுத்துவது தொல்லை என்றார் ஒருவர். தொல்லைதான். அதற்காக இன்னொரு மானிட்டரா? ஒரே மானிட்டர், விசைப்பலகை, மவுஸை இரண்டு கணினிகளுக்கும் மாற்றி மாற்றித் தரும் கேவிஎம் சுவிட்ச் வாங்கலாமே என்றால், விசைப்பலகையையும் மவுஸையும் சேர்த்துப் பகிர்பவர்களுக்கு அது நியாயமான யோசனை. ஆனால் சாதாரண கேவிஎம் இரண்டு கணினிகளிலும் ஒரே வகை இணைப்பைத்தான் எதிர்பார்க்கும். பெரியவருடைய சிக்கலே இரண்டும் வேறு வேறு என்பதுதானே!

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இதைக் கேட்டிருக்கிறேன். மூத்தவர் ஒருவர் எல்லோர் முன்னாலும் சிரித்துவிட்டு, கணினி முனையில் விஜிஏவும் மானிட்டர் முனையில் எச்டிஎம்ஐயும் உள்ள வெறும் கேபிள் ஒன்றை நீட்டினார். படம் வரவில்லை. வரவும் வராது. விஜிஏவில் போவது ஏறி இறங்கும் மின்னழுத்தமாகப் போகும் அனலாக் சிக்னல், எச்டிஎம்ஐயில் போவது எண்களாகப் போகும் டிஜிட்டல் சிக்னல். நடுவில் சிக்னலை மாற்றித் தரும் கன்வெர்ட்டர் வேண்டும். டிவிஐயின் டிஜிட்டல் வகையான டிவிஐ-டியிலிருந்து எச்டிஎம்ஐக்கு என்றால் வெறும் கேபிளே போதும், ஏனென்றால் இரண்டிலும் போவது ஒரே வகை டிஜிட்டல் சிக்னல். இதைச் சொல்ல அரை நிமிடம் ஆகாது. அவரோ "உனக்குச் செருகத் தெரியவில்லை" என்றார். விஜிஏ முனையின் இரண்டு திருகுகளையும் கழற்றுவதும் இறுக்குவதுமாக நான் நின்றதை மொத்த அறையும் வேடிக்கை பார்த்தது.

சின்ன விஷயத்துக்கு இவ்வளவு கோபமா என்பீர்கள். தெரியாததைக் கேட்கிறவரை அவமானப்படுத்துவது எனக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை. அந்தப் பெரியவர் கேள்வியையே நீக்கிவிட்டார். ஐயா, இதைப் படித்தால் மானிட்டரின் பின்பக்கத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். எந்தக் கேபிளை எங்கே செருக வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.