பூட்டிக்கொள்வதற்கு எங்களை எதற்குக் கூப்பிட்டீர்கள்?

"டே டு டே." காயம் எப்படி என்று நாளுக்கு நாள் பார்க்கிறோம் என்று சொல்கிற இந்த மூன்று வார்த்தையை இன்னொரு தடவை கேட்டால் எனக்கு ரத்தக்கொதிப்பு வந்துவிடும். திங்கட்கிழமை மத்தியானம் எங்கள் பல்கலைக்கழக அமெரிக்கன் ஃபுட்பால் அணியின் கோச் செய்தியாளர்கள் முன்னால் நின்று, பந்து எறிகிறவரை இடது பக்கம் காக்கிற எங்கள் லெஃப்ட் டேக்கிளைப் பற்றிய கேள்விக்கு அதைத்தான் சொன்னார். ஏப்ரலிலும் அதைத்தான் சொன்னார், ஜூலையிலும் அதைத்தான். என்ன காயம் என்று கேட்டால் "லோயர் பாடி". இடுப்புக்குக் கீழே எதுவாகவும் இருக்கலாம். ஆபரேஷன் ஆனதா, முதல் ஆட்டத்துக்கு வருவாரா, வரமாட்டாரா? ஒரு வார்த்தை கிடையாது.

எனக்குத் தெரியும், அவர் நன்றாகத்தான் இருக்கிறார். சனிக்கிழமை என் மகள் பார்த்தாள். பார்த்தது கணுக்கால் வரைக்கும்தான், ஆனாலும் பார்த்தாள்.

அந்தச் சனிக்கிழமையைச் சொல்லிவிடுகிறேன். மூன்று நாளாக வயிறு எரிகிறது.

ஜூலைக் கடைசியில் மெயில் வந்தது. ரசிகர் தினம், திறந்த பிராக்டிஸ், குடும்பத்தோடு வாருங்கள். சீசனுக்கு முந்தைய கேம்ப் முழுக்க 25 பிராக்டிஸ். அதில் நமக்கென்று திறப்பது இந்த ஒன்றுதான். அதுவும் வெறும் பிராக்டிஸ் இல்லை, அணி தனக்குள்ளேயே நிஜ ஆட்டம் மாதிரி மோதிப் பார்க்கிற ஸ்க்ரிமேஜ் என்று மெயிலிலேயே போட்டிருந்தார்கள். 2021-ல் விதி மாறியதிலிருந்து ஒரு கேம்புக்கு ஸ்க்ரிமேஜ் இரண்டுதான் என்பது உங்களுக்கே தெரியும். முழுக் கவசத்தோடு மோதுவதே ஒன்பது நாள்தான். அப்படியிருக்க அந்த இரண்டில் ஒன்றை நாம் பார்க்கலாம் என்றால் யார்தான் விடுவார்கள்? மெயிலைப் படித்தவுடனேயே மகள் காலண்டரில் வட்டம் போட்டுவிட்டாள்.

ஐந்து மணிக்கு எழுந்து எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு கிளம்பினோம். இரண்டரை மணி நேர ஓட்டம். நான் எம்.எஸ். படித்த ஊர் அது. 2009-ல் முதன்முதலாக ஒரு ஆட்டத்துக்குப் போனேன், விதி ஒன்றும் புரியாமல், பக்கத்து சீட்டுக்காரர் சொல்லச் சொல்லக் கேட்டு. அன்றைக்குப் பிடித்தது இன்னும் விடவில்லை. இரண்டு வெற்றி மட்டும் கிடைத்த வருஷத்திலும் சீசன் டிக்கெட்டைப் புதுப்பித்தவன் நான். இதையெல்லாம் சொல்வது எதற்கென்றால், தெருவில் போகிறவன் எட்டிப் பார்த்துவிட்டுப் புகார் சொல்கிறான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

எட்டு மணிக்கே வரிசை வளைந்து வளைந்து பார்க்கிங் வரைக்கும் வந்துவிட்டது. கைப்பை உள்ளே தெரிகிற பிளாஸ்டிக்கில்தான் இருக்க வேண்டும். தண்ணீர் பாட்டிலை வாசலிலேயே போடச் சொன்னார்கள். போனை வெளியே எடுத்தால் அனுப்பிவிடுவோம் என்று நான்கு இடத்தில் பலகை. சரி, எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தோம். அலுமினிய பெஞ்ச் தோசைக்கல் மாதிரி காய்ந்திருந்தது. மகள் என் துண்டைப் போட்டு உட்கார்ந்தாள்.

ஒன்பதரைக்கு ஹார்ன் அடித்தது. முதல் ஐந்து நிமிடம் கை கால் நீட்டினார்கள். அடுத்த ஐந்து நிமிடமும் அதேதான். மூன்றாவது பீரியடில், அதாவது மூன்றாவது ஐந்து நிமிடத்தில், ரிசீவர்கள் வரிசையாக நின்று ஆளில்லாத இடத்தில் பந்து பிடித்தார்கள். நான்காவதில் கிக்கர் நான்கு உதை உதைத்தார். ஐந்தாவது ஹார்ன் அடித்ததும் நூறு பேருக்கு மேல் மொத்தமாக எழுந்து மைதானத்தின் மறுகோடியில் இருக்கும் உள்ளரங்கத்துக்குள் ஓடினார்கள். தண்ணீர் குடிக்கப் போகிறார்கள் என்று நினைத்தோம். பெரிய கதவு மூடியது. அப்புறம் போலோ சட்டை போட்ட ஒரு பையன் மெகாஃபோனோடு வந்து, போட்டி நலன் கருதி மீதிப் பயிற்சி உள்ளே நடக்கும், வந்ததற்கு நன்றி, ஆட்டோகிராஃப் பதினொன்றே முக்காலுக்கு என்றான்.

மணி ஒன்பது ஐம்பது. நாங்கள் பார்த்தது இருபது நிமிடம். கேம்பில் தினமும் செய்தியாளர்களை விடுகிற அதே நான்கு பீரியட். அதைப் பார்க்கவா ஐந்து மணி நேரம் போக வர கார் ஓட்டினேன்?

வானத்தில் ஒரு மேகம் கிடையாது. இடி மின்னல் என்றால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். மின்னல் அடித்தால் முப்பது நிமிடம் எல்லாரும் உள்ளே இருக்க வேண்டியதுதான். வெயில் என்று சொல்லியிருந்தாலும் வாயை மூடிக்கொண்டிருப்பேன். 2018-ல் மேரிலாந்து பல்கலைக்கழக அணியில் ஜோர்டன் மெக்நேர் என்ற பத்தொன்பது வயதுப் பையன் பயிற்சியில் வெப்பத்தால் சுருண்டு விழுந்து இரண்டே வாரத்தில் இறந்துபோனதை யாரும் மறக்கவில்லை. பிள்ளைகளின் உடம்புக்காகப் போனார்கள் என்றால் கதவை நானே பிடித்துக்கொண்டு நின்றிருப்பேன். அவர்கள் சொன்னது அது இல்லை. போட்டி நலன். நாங்கள் யார், எதிரணியா? ஆறாம் வகுப்புப் பிள்ளை யாருக்கு உளவு சொல்லப் போகிறாள்?

பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். நாங்கள் நிழல் தேடி அந்த உள்ளரங்கத்தின் பின்பக்கம் போய் நின்றோம். உள்ளே ஹார்ன் அடிப்பது கேட்கிறது. தோள் கவசமும் தோள் கவசமும் மோதுகிற சத்தம் கேட்கிறது; கோயிலில் வரிசையாகச் சிதறுகாய் போடுகிற மாதிரி, ஒன்றன் பின் ஒன்றாக. நடுநடுவே யாரோ கத்துகிறார்கள், ஆரவாரம். யாரோ டச்டவுன் போட்டிருக்க வேண்டும். யார் எறிந்தது, யார் பிடித்தது? தகரச் சுவருக்கு இந்தப் பக்கம் நிற்கிற எங்களுக்கு எப்படித் தெரியும்?

அங்கே ஒரு ஷட்டர். காற்று போக ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கி விட்டிருந்தார்கள். முதலில் ஒரு குட்டிப் பையன் குப்புறப் படுத்துப் பார்த்தான். அவனைப் பார்த்து இன்னொன்று. இரண்டு நிமிடத்தில் ஏழெட்டுப் பிள்ளைகள் சிமெண்ட் தரையில் கன்னத்தை வைத்து வரிசையாகப் படுத்திருந்தார்கள். என் மகளும் படுத்தாள். உள்ளே செயற்கைப் புல்லும், கறுப்பு ரப்பர் துகளும், ஷூக்களும். அவ்வளவுதான் தெரியும். எங்கள் லெஃப்ட் டேக்கிள், 72-ம் நம்பர் ஜெர்சிக்காரர், ஷூவுக்கு மேலேயே வெள்ளை டேப் சுற்றுகிறவர். இடது காலுக்கு மட்டும் இரண்டு சுற்று கூட. போன சீசனில் வீரர்கள் ஸ்டேடியத்துக்குள் நடந்து வரும்போது அவர் குனிந்து இவள் கையைத் தட்டிவிட்டுப் போனார். அன்றையிலிருந்து அந்தக் காலை இவளுக்கு எங்கே பார்த்தாலும் தெரியும்.

"அப்பா! செவன்ட்டி டூ! நொண்டவே இல்லப்பா! பின்னாடி பின்னாடி ஓடுறாரு!"

அவள் குரலில் இருந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஏப்ரலிலிருந்து அவருக்காகக் கவலைப்பட்ட பிள்ளை. ஒரு சாண் இடைவெளியில், ரப்பர் துகள் நெற்றியில் ஒட்ட, அவள் தெரிந்துகொண்டாள். அதே நேரம் உள்ளே இருந்து ஒரு ஷூ ஷட்டரை நோக்கி வந்தது. பச்சை லேஸ் போட்ட ஓட்டப் பந்தய ஷூ. ஆட்டக்காரர் இல்லை, ஊழியர். ஷட்டர் கடகடவென்று இறங்கியது. பிள்ளைகள் தலையை இழுத்துக்கொண்டார்கள். "பார்த்து" என்று ஒரு குரல்கூட உள்ளேயிருந்து வரவில்லை.

இதற்கெல்லாம் அவர்கள் வைத்திருக்கிற காரணங்கள் எனக்கு மனப்பாடம். சைகைத் திருட்டு என்பார்கள், கோச் வெளியிலிருந்து காட்டுகிற சைகையை எதிரணி படித்துவிடுவது. 2023-ல் மிச்சிகன் பல்கலைக்கழக அணி அப்படித் திருடியதாக விவகாரம் வெடித்தது உண்மைதான். ஆனால் 2024-லிருந்து ஹெல்மெட்டுக்குள் ரேடியோ வந்துவிட்டதே! கோச் நேராகக் காதில் சொல்கிறார். எந்தச் சைகையை நான் திருடப் போகிறேன்? அடுத்தது, நம் ஆட்களை மற்றவர்கள் பார்த்துத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பது. 2025-ல் நெப்ராஸ்கா கோச் மேட் ரூல் அதைச் சொல்லித்தான் வசந்தத்தில் ரசிகர்கள் முன்னால் ஆடுகிற வழக்கமான ஸ்பிரிங் கேமை வேண்டாம் என்றார். வீரர்கள் வேறு பல்கலைக்கழகம் மாறப் பெயர் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் அந்த வருஷம் ஏப்ரலில் திறந்திருந்தது, அதனால் அது பொருந்தும், ஒப்புக்கொள்கிறேன். ஆகஸ்டில் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் மூடிக் கிடக்கிறது. இப்போது யார் யாரைத் தூக்குவது?

அந்தப் போர்ட்டலால்தான் நமக்குக் கேம்ப் முன்னைவிட அதிகமாகத் தேவைப்படுகிறது. முன்பெல்லாம் ஒரு பையன் சேர்ந்தால் நான்கு வருஷம் இருப்பான், முகம் பழகியிருக்கும். கேம்பை மூடினாலும் கவலையில்லை. இப்போது எங்கள் அணியில் முதலில் களமிறங்கப்போகிற 22 பேரில் பாதிக்கு மேல் போன வருஷம் வேறு ஊர் ஜெர்சி போட்டவர்கள். அவர்கள் எப்படி ஓடுவார்கள், எப்படி எறிவார்கள் என்று எதில் பார்ப்பது? எந்த இடத்தில் யார் ஆடுவார் என்று டெப்த் சார்ட் விடுவார்களே, அதிலா? பந்து எறிகிற குவாட்டர்பேக் இடத்தில் மூன்று பெயர், நடுவில் இரண்டு "அல்லது". லெஃப்ட் டேக்கிளுக்கு ஒரு "அல்லது". ஒரு கணக்குப் பரீட்சையில் நான் அப்படி எழுதியிருந்தால் வாத்தியார் விடைத்தாளை முகத்தில் எறிந்திருப்பார்.

இதைவிட எனக்கு எரிவது இன்னொன்று. பல்கலைக்கழக அணிகளின் கூட்டமைப்புகளான பிக் டென் 2023-லும் எஸ்.இ.சி. 2024-லும் யார் ஆடுவார், யார் ஆடமாட்டார் என்ற அறிக்கையைக் கட்டாயமாக்கின. ரசிகனுக்காகவா? சூதாட்டம் சட்டப்படி பரவிவிட்டது, உள் தகவலைக் கேட்டு ஆட்களை நச்சரிக்கிறார்கள், அதற்காக. அதுவும் ஆட்டங்களை ஒட்டித்தான், கேம்புக்கு இல்லை. பந்தயம் கட்டுகிறவனை நினைத்து விதி எழுதத் தெரிகிறது. பதினாறு வருஷமாகப் பணம் கட்டி வந்து உட்காருகிறவனை நினைத்து ஒரு வரி எழுதத் தெரியவில்லை.

பணம் கேட்க மட்டும் தெரியும். 2025 ஜூலையிலிருந்து ஒரு பல்கலைக்கழகம் தன் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம், முதல் வருஷத்துக்கு 20.5 மில்லியன் டாலர் வரை. கொடுக்கட்டும், உடம்பை உடைத்துக்கொண்டு ஆடுகிற பிள்ளைகளுக்கு அது போய்ச் சேர வேண்டியதுதான். ஆனால் அதைக் காட்டி எங்களுக்கு டிக்கெட் விலை ஏறியது, நன்கொடை மெயில் வாரத்துக்கு இரண்டு. சனிக்கிழமை மாலையே ஒன்று வந்தது. "நீங்கள் இந்தக் குடும்பத்தில் ஒருவர்" என்று ஆரம்பிக்கிறது. குடும்பத்தில் ஒருவரை வீட்டுக்குக் கூப்பிட்டுவிட்டு, வாசலில் உட்கார வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே சாப்பிடுகிற வழக்கம் எந்த ஊரில் இருக்கிறது?

திங்கட்கிழமை மகள் பள்ளியிலிருந்து வந்ததும் கோச் என்ன சொன்னார் என்றுதான் முதலில் கேட்டாள். சொன்னேன். பையைக்கூடக் கழற்றாமல் நின்று, "ஆனா நான் பாத்தேனேப்பா" என்றாள். நான் என்ன பதில் சொல்வது? அந்தப் பெரிய மனிதர் மறைப்பதை நீ தரையில் படுத்துக் கண்டுபிடித்துவிட்டாய் என்றா?