கோயில்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாமே

ஜப்பானின் கியோட்டோவில் நவம்பர் கடைசியில் வழிகாட்டியோடு ஒரே நாளில் ஆறு கோயில்களைப் பார்த்துவிடலாம் என்கிறது உங்கள் பயணக் கட்டுரை. என்னால் ஏற்கவே முடியவில்லை. சிவந்த மேப்பிள் இலைகளை வேண்டுமானால் அப்படி ஓடிக்கொண்டே பார்க்கலாம். தோட்டத்தைப் பார்க்க முடியாது.

தோஃபுகுஜி என்ற ஜென் பௌத்தக் கோயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டம் முழுக்க அங்குள்ள சூதென்கியோ பாலத்தில் நின்று, கீழே சிவந்து கிடக்கும் பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறது. பக்கத்திலேயே தலைமைத் துறவியின் பழைய இல்லத்தைச் சுற்றி, தோட்டக் கலைஞர் மிரெய் ஷிகெமோரி 1939-இல் அமைத்த தோட்டங்கள் இருக்கின்றன. எதையும் வீணாக்கக் கூடாது என்பது ஜென் நெறி. அதனால் கோயிலில் கிடந்த பழைய கற்களையே அவர் எடுத்துக்கொண்டார். வடக்குப் பக்கம் சதுரக் கற்களும் பாசியும் சதுரங்கக் கட்டம்போல மாறி மாறி வந்து, போகப் போகக் கட்டங்கள் கலைந்து பாசிக்குள் கரைகின்றன. கிழக்கே ஏழு பழைய தூண்கற்கள் சப்தரிஷி மண்டலமாக நிற்கின்றன. என்ன அழகான கற்பனை! திண்ணையில் உட்கார நேரம் கொடுக்காத வழிகாட்டியோடு போய் என்ன பயன்?

ரியோஆன்ஜி கோயிலும் அப்படித்தான். அங்கே கல் தோட்டத்தில் 15 கற்கள். திண்ணையில் எங்கே உட்கார்ந்தாலும் ஒன்றாவது மறைந்துவிடும். இடம் மாறி மாறி உட்கார்ந்தால்தான் அது புரியும்.

அப்புறம், பாசிக் கோயிலான சைஹோஜிக்கு முன்பதிவு கட்டாயம். கட்டுரையில் அது விட்டுப்போயிருக்கிறது, தயவுசெய்து சேருங்கள். ஒரு நாளுக்கு இரண்டு கோயில் போதும். காலையில் கதவு திறக்கும்போதே போய்விடுங்கள்.