கொரியா ஏற்றுமதியால் மட்டும் வளரவில்லை

"ஆப்பிரிக்காவில் வாங்கும் சக்தி இல்லை, தொழில் வளர, தென் கொரியா மாதிரி ஏற்றுமதியை மட்டும் பார்த்தால் போதும்" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இது பாதி உண்மைதான். கொரியா ஏற்றுமதியில் குறியாக இருந்தது சரி. ஆனால் ஹூண்டாய் போனி காரை முதலில் ஓட்டியது கொரியர்கள். வெளிநாட்டுக் கார்களுக்கு 1980களின் பிற்பகுதி வரை அங்கே கதவு ஏறக்குறைய அடைத்தே கிடந்தது.

ஏற்றுமதியை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு எத்தியோப்பியாவின் ஹவாசாவைப் பாருங்கள். 2016இல் திறந்த தொழிற்பூங்கா அது. துணி பெரும்பாலும் வெளியிலிருந்து வரும், தைத்த சட்டை ஜிபூட்டி துறைமுகம் வழியாக வெளியே போகும். 2019 வாக்கில் தைத்த பெண்ணுக்கு அடிப்படைச் சம்பளம் மாதம் சுமார் 26 டாலர்தான். அந்தச் சட்டையை அவரே வாங்க முடியுமா? 2022 ஜனவரியில், உள்நாட்டுப் போரைக் காரணம் காட்டி எத்தியோப்பியப் பொருள்களுக்குத் தந்த வரிச்சலுகையை அமெரிக்கா நிறுத்தியது. ஆர்டர்கள் குறைந்தன, பலர் வேலையிழந்தார்கள். சரக்கைத் திருப்பி விற்க உள்ளூரில் தயாரான சந்தை இல்லை. எனக்கு வலிப்பது இதுதான்.

நைஜீரியா சிமெண்டில் வேறு வழியில் போனது. 2002 முதல், உள்நாட்டில் ஆலை கட்டுபவர்களுக்கே இறக்குமதி உரிமம் என்றார்கள். சில ஆண்டுகளில் ஒபஜானா என்ற ஊரில் பெரிய சிமெண்ட் ஆலை ஓடத் தொடங்கியது. முதலில் உள்ளூர்த் தேவை, அப்புறம்தான் அண்டை நாடுகளுக்கு ஏற்றுமதி. சில நிறுவனங்களின் கையில் சந்தை சிக்கி, விலை ஏறியதும் உண்மை. அதற்குத் தீர்வு போட்டியைக் கூட்டுவது, உள்ளூர்ச் சந்தையைக் கைவிடுவது அல்ல.