மார்ஜானி பள்ளிவாசலும் மகாராணியின் வானமும்

ரஷ்யாவின் கசான் நகரம் என்றாலே எல்லாரும் பகிர்வது கிரெம்ளின் கோட்டைக்குள் நிற்கும் குல் ஷரீஃப் பள்ளிவாசல் படத்தைத்தான். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அது 2005-இல் திறந்தது. அங்கே வாழும் துருக்கிய முஸ்லிம் இனமான தாத்தார்களின் பழைய கதை வேண்டுமென்றால் கபான் ஏரிக்கரைக்கு, மார்ஜானி பள்ளிவாசலுக்குப் போக வேண்டும்.

1552-இல் ரஷ்ய மன்னர் நான்காம் இவான் கசானைப் பிடித்ததும் தாத்தார்களைக் கோட்டைக்கு வெளியே துரத்தினார்கள். ஏரிக்கரைக் குடியிருப்பு அப்படி வந்ததுதான். 1740-களில் அரசே பள்ளிவாசல்களை இடிக்கக் கிளம்பியது. கசான் வட்டாரத்தில் மட்டும் 536 பள்ளிவாசல்களில் 418 போயின. அதைக் கண்ணால் பார்த்தவர்கள் உயிரோடு இருந்த காலத்தில், 1767-இல், மகாராணி இரண்டாம் கேத்தரின் கசானுக்கு வந்தார். கல்லில் பள்ளிவாசல் கட்ட அனுமதி கிடைத்தது. 1770-இல் கட்டி முடித்தார்கள்.

இங்கே ஒரு கதை சொல்வார்கள். மினாரா உயரமாகப் போகிறதென்று அதிகாரிகள் புகார் செய்ய, "நான் தரையில்தான் இடம் காட்டினேன், வானம் என் ஆட்சிக்குள் இல்லை" என்றாராம் மகாராணி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்தக் கதையால் பெயரெல்லாம் அவருக்கே போய்விடுகிறது என்பதுதான் என் எரிச்சல். பணம் அரண்மனையிலிருந்து வரவில்லை, அந்தத் தெருக்காரர்கள் வசூலித்தது. நடு ஆசியாவோடு வியாபாரம் நடத்திய தாத்தார் வணிகர்கள் ரஷ்யாவுக்குத் தேவைப்பட்டார்கள் என்பதையும் யாரும் சொல்வதில்லை. இடித்ததும் அந்த அரசுதானே, ஐயா!

கட்டடமும் விசித்திரம். வெளியே பார்த்தால் அந்தக் கால ரஷ்ய பரோக் (அலங்காரம் மிகுந்த ஐரோப்பியக் கட்டடப் பாணி) மாளிகை. கூரையின் நடுவிலிருந்து மினாரா எழுகிறது. தொழுகைக் கூடம் மாடியில். உள்ளே சுவரிலும் விதானத்திலும் தாத்தார் பூவேலை. கலப்படம் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

1850-இலிருந்து 1889-இல் இறக்கும்வரை இங்கே இமாமாக இருந்தவர் ஷிஹாபுத்தீன் மார்ஜானி. முன்னோர் சொன்னதை அப்படியே ஒப்பிக்காதே, மூலத்தைப் படித்து யோசி என்று கற்பித்தவர். தாத்தார்களின் வரலாற்றை எழுதியவரும் அவரே. பெயர் வைத்தால் இப்படிப்பட்டவருக்குத்தான் வைக்க வேண்டும்.

சோவியத் காலத்தில் நகரின் பள்ளிவாசல்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பக்கத்திலேயே, கிட்டத்தட்ட இதே வயதுள்ள அபனாயேவ் பள்ளிவாசல் 1930-இல் மூடப்பட்டு, பிறகு பாலர் பள்ளியானது. பல பத்தாண்டுகள் கசான் முழுவதற்கும் தொழுகை நடந்த பள்ளிவாசல் மார்ஜானி ஒன்றுதான். வழிகாட்டிகள் மகாராணியின் நகைச்சுவையை ஒரு நிமிடத்தில் முடித்துக்கொண்டு, அந்தக் காலத்தில் வெள்ளிக்கிழமை தவறாமல் இங்கே வந்து நின்றவர்களைப் பற்றிப் பேசலாம்.